மொட்டை மாடிக் கோட்டை

பைனாகுலர் ஒன்று, அதைக் கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், கடலூரிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தவன். இன்னொருவன் அந்த வீட்டுப் பிள்ளை, சிதம்பரத்து அத்தையின் மகன். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன் என்பதால் அவனை மச்சான் என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த இரண்டு மாதத்தை நான் மன்னித்ததே இல்லை.

மாமா சரித்திர வாத்தியார். ஏதோ ஒரு ஏலத்தில் எடுத்த பட்டாளத்துப் பைனாகுலரை அடுத்த கோடைவரை எங்களில் ஒருவனிடம் கொடுத்துவைப்பதாகச் சொன்னார். அதைக் கண்ணில் வைத்தால் கோபுரத்துப் பொம்மைகளின் இமை தெரியும். என் வகுப்பில் நான் முதல் ரேங்க். மச்சான் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவன். விதிப்படி அது யாருக்குச் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணங்களை எண் போட்டு மாமாவிடம் சொன்னேன். ரேங்க் கார்டைக் காட்டி எவனும் சண்டையில் ஜெயித்ததில்லை என்றார் அவர்.

சண்டை என்றால் அப்போது அவருக்கு வியட்நாம். பத்திரிகைகள் 'கொரில்லாப் போர்' என்று எழுதின. குரங்குக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஆட்சேபம் எழுப்பினேன். அது ஸ்பெயின் தேசத்துச் சொல், குட்டிப் போர் என்று பொருள், ஒரு சக்கரவர்த்தியின் பெரும்படையை அங்கே குடியானவர்கள் அப்படித்தான் அலைக்கழித்தார்கள் என்றார். அவ்வளவு தூரம் எதற்கு, நம் செஞ்சியையே மொகலாயப் படை வருஷக்கணக்கில் சுற்றி நின்றது. மராத்தியர் நேரே வந்து நிற்காமல் பின்பக்கம் தானிய வண்டிகளை மடக்கி, சுற்றி நின்றவனையே பட்டினி போட்டார்கள் என்றார். கடைசியில் செஞ்சி விழுந்ததல்லவா என்று மடக்கினேன்.

"விழுந்துச்சு. ராஜா அதுக்கு முன்னாடியே வெளிய போயிட்டாரு" என்றார் மாமா. மச்சான் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பைனாகுலருக்கு ஒரு குட்டிப் போர் நடத்துவது என்று அன்றே முடிவாயிற்று. மொட்டை மாடி கோட்டை. அத்தையின் கிழிந்த நீலப் புடவையிலிருந்து பத்துக் கீற்றுகள் கிழித்து, கைப்பிடிச் சுவர் நெடுகக் கல் வைத்து அழுத்தினோம். அவைதான் கொடிகள். சனிக்கிழமை மாலைக்குள் ஆறு கொடி கீழே போய்விட்டால் கோட்டை விழுந்ததாகக் கணக்கு. யாருக்குக் கோட்டை என்று மாமா கேட்டார். எனக்கு என்று கையைத் தூக்கினேன். மச்சான் சரி என்றுவிட்டான். அவன் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

நான் நிர்வாகத்தைத் தொடங்கினேன். தெருப் பையன்கள் ஆறு பேருக்குக் கடலை உருண்டை கொடுத்துக் காவலுக்கு வைத்தேன். யாருக்கு எந்த மூலை, எத்தனை மணிவரை என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். மேலே வருகிறவர் ரகசியச் சொல் சொல்ல வேண்டும். அதைக் காலைதோறும் மாற்றினேன். ஒரு நாள் அத்தை ஈரத் துணி வாளியோடு வந்து அன்றைய சொல்லை மறந்துவிட்டார். நினைவு வரும்வரை படியில் நிற்கவைத்தேன். அத்தையும் நின்றார். விதி அனைவருக்கும் பொது.

தினமும் மதியம் கொல்லைப்புறமாக, கடலோரத்துக் கிள்ளை ஊரிலிருந்து மீன்கார அக்கா வருவார். வியாபாரம் முடிந்ததும் கூடையைத் தலைக்கு ஏற்ற ஒரு கை வேண்டும். முதல் நாள் என்னைத்தான் அண்ணாந்து பார்த்து, "தம்பி, ஒரு கை தூக்கி வுடேன்" என்றார். காவலில் இருப்பவன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று மேலிருந்தபடியே விளக்கினேன். மச்சான் எங்கிருந்தோ வந்து தூக்கிவிட்டான். வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எண்ணினால் எட்டுக் கொடி. நான்காம் நாள் ஆறு. ஒருவனும் மேலே வரவில்லை என்று ஆறு காவலர்களும் சத்தியம் செய்தார்கள். மச்சானின் பெட்டி, படுக்கை, புத்தகப் பை எல்லாவற்றையும் சோதனை போட்டேன். அவன் பக்கத்தில் நின்று, "அந்தப் பையையும் பாத்துடு மாப்ளே, மனசு கேக்காது உனக்கு" என்று எடுத்துக் கொடுத்தான். அவன்மேல் அன்று எனக்கு இருந்தது பொறாமை என்று இப்போது கையெழுத்துப் போட்டுத் தருவேன். அப்போது அதற்கு நீதி என்று பெயர் வைத்திருந்தேன். அவன் நடந்தால் வீடே அவன் பக்கம் திரும்பியது. நான் நடந்தால் வீடு வேலையைப் பார்த்தது.

சனிக்கிழமை மதியம் என்னிடம் நான்குதான் மிச்சம். மீதி ஆறும் எங்கே என்று காட்டாவிட்டால் செல்லாது என்றேன். மாமாவும் அது நியாயம் என்றார். மச்சான் அவசரப்படவில்லை. மீன்கார அக்கா வந்து கூடையை இறக்கினார். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, முறுக்கைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் துவைக்கிற கல்லின்மேல் போட்டார். ஆறு நீலக் கீற்றுகள். தினமும் என் காவலர்கள் பார்த்திருக்க, என் கொடிகள் அவர் தலைமேல் கிள்ளைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கின்றன.

"இந்தா தம்பி, உன் கொடி. மீன் வாசம் அடிக்கும், அலசிக்க" என்றார் என்னிடம்.

மாடியிலிருந்து அவற்றை இறக்கியவர் அத்தை, காய்ந்த துணிகளின் மடிப்புக்குள் வைத்து.

அன்று மாலையே மாமாவிடம் மேல்முறையீடு கொடுத்தேன். முழுத்தாள், ஓரம் மடித்து, ஐந்து ஆட்சேபங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: போரில் சேராத வெளியாட்களைப் பயன்படுத்தியது முறைகேடு. மாமா கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். பிறகு தாளை அத்தையிடம் நீட்டி, "உன் அண்ணன் புள்ளை கேக்குறான், பதில் சொல்லு" என்றார்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவன் கேட்டான், எடுத்தாந்து குடுத்தேன். நீ கேட்டிருந்தா உனக்கும்தான் செஞ்சிருப்பேன். நீ எங்க கேட்ட? படியில இல்ல நிக்க வச்ச."

சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று அதை எடுத்துக்கொண்டேன். மீன்கார அக்கா விஷயத்தில் லஞ்சம் கைமாறியிருக்கும் என்று சந்தேகித்தேன்; விசாரித்ததில் கூடை தூக்கிவிட்டதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

பைனாகுலர் மச்சானிடம் தங்கிவிட்டது. கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தோல்வியின் காரணங்களை எழுதினேன். காவலர் பற்றாக்குறை. துணிகளைச் சோதிக்காதது. கூடை இறக்க அனுமதிச் சீட்டு இல்லாதது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பதினான்கு காவலர்களுக்கு அட்டவணை தயார். பெரும்படை வைத்திருந்த தேசங்களெல்லாம் தோற்ற பிறகு இதே பட்டியலைத்தான் எழுதின என்பதைப் பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். அதற்குள் நானும் வருவாய்த் துறையில் இதே மாதிரி எத்தனையோ பட்டியலுக்குக் குறிப்பு எழுதியிருந்தேன்.

அடுத்த கோடையில் மாமா மறுபடி கேட்டார், இந்தத் தடவை யாருக்குக் கோட்டை என்று. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், கொடி எடுக்கிற பக்கத்தை உனக்கு விட்டுத்தருகிறேன் என்று மச்சான் சொல்லிப் பார்த்தான். அவன் ஏதோ சூழ்ச்சி செய்கிறான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

கோட்டை எனக்கு என்றேன்.