கைடு வீட்டுப் பந்தி

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பின் மறந்தும் போகிறது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

ஐதராபாத் குஷாய்குடாவில் எங்கள் வீட்டில் பால் வருவதற்கு முன்னால் ஒரு போன் வரும். என் மகள் மீனாவின் கைடு சாருடைய மனைவி பேசுவார். பையனைக் கோச்சிங்கில் விடணும், கேஸ்காரன் வருவான், வந்து இரு. இப்படி ஏதாவது. மீனா பேங்க் வேலையை விட்டுவிட்டு நிதித்துறையில் ஆராய்ச்சி செய்து வாங்குகிற எம்.எஸ். படிக்கிறாள். வகுப்பு கொஞ்சம்தான், சொந்தமாக விசாரித்து எழுதுவதுதான் படிப்பு. ஓய்வு பெற்றவர்கள் பணத்தை பேங்கை விட்டு வெளியே எடுக்க ஏன் பயப்படுகிறார்கள் என்று, அவள் அப்பாவோடு தொழிற்சாலையில் இருந்தவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினாள். எழுதி முடித்தாயிற்று. கைடு கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொடுக்க முடியும். கடைசித் தேதி நெருங்க நெருங்க அவர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏட்டி, நீ விருந்துக்குப் போறியா, வேலைக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"நக்கோ மா, வேண்டாம், ஆரம்பிக்காத. சைன் ஆகணும்."

என் பட்டுப்புடவையைத்தான் கட்டியிருந்தாள். அதன் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பருப்பு வாளி தூக்கினாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீட்டில் உறவுக்காரர்கள் உரிமையோடு பரிமாறுவார்கள். கடைசிப் பந்தியில் அவர்களை உட்கார வைத்து வீட்டுக்காரரே பரிமாறுவார். இங்கே மீனாவும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் வாளி.

"மீ அம்மாயி மா இண்ட்டி பில்லே" என்றார் கைடின் மனைவி. உங்கள் பெண் எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்று. அப்படியானால் உட்காரச் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

நான் உட்காரவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள்தான். அன்றைக்கு மீனா கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு போய் கைடு இலைக்கு முன்னால் நின்றேன். ஒரு கரண்டி பருப்பு போட்டேன்.

"சார், சந்தகம் எப்புடு?" கையெழுத்து எப்போது என்று கேட்டேன்.

பக்கத்து இலைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். "சோமவாரம் அம்மா, சோமவாரம்" என்று சிரித்தார். காது சிவந்திருந்தது.

ஆட்டோவில் மீனா அழுதாள். "கைக்கு மா, ஏன் கேட்ட? நேர்ல உக்கார வச்சு கேள்வி கேக்குற வைவா இன்னும் இருக்கு, தெரியுமா? அங்கயும் அவர்தான் உக்காருவார்."

திங்கட்கிழமை கையெழுத்து ஆகிவிட்டது. அந்தத் தாளை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் காப்பி குடித்தோம். போன் அடித்தது. வாடகைக்கு எடுத்த அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். "வஸ்துன்னா மேடம்", இதோ வருகிறேன் என்று மீனா செருப்பை மாட்டினாள். அவள் காப்பி பாதியில் ஆறியது.

ஊரில் இருக்கிற அண்ணனிடம் சொன்னேன். "உங்க ஐதராபாத்துல எல்லாம் அப்படித்தாம்போல" என்றான். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவிடம் சொன்னேன். உங்கள் தமிழ் ஆட்களுக்கு ரோஷம் ஜாஸ்தி என்றார்.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். படிப்பின் பெயரை நான் தப்பாக எழுதியிருக்கலாம். கைடு வீட்டு அண்டா எந்தப் பாடத்தில் வருகிறது என்றும் பாருங்கள். வைவா முடிந்த பிறகாவது என் மகள் எந்தப் பந்தியில் உட்காரலாம் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.