சுங்கக் காவலர் வீட்டுக்கு வந்தவன்

க்யிம்யிண்டைங் படகுத்துறையை ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு, வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்றுச் சுங்கக் காவலர்களுக்காகக் கட்டியது. கடத்தல் படகு பிடிக்கிறவர்கள் இருந்த வீடு. மாடி ஜன்னல் மூன்று பக்கமும் கண்ணாடியோடு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்தால் துறையில் யார் இறங்கினாலும் தெரியும். நாம் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் காய் அரிவது அங்கேதான். எனக்குச் சந்தேக புத்தி என்பார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும், இதைக் கட்டினவனுக்கே அந்தப் புத்திதானே!

மழைக்காலம் முடிந்ததும் ஒருவன் எதிரே நின்று வீட்டைப் படம் பிடித்தான். மறுநாளும் வந்தான். இந்த ஊரில் இப்போது யாராவது வீட்டைப் படம் பிடித்தாலே பயம்தான். இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறானோ? இந்த வீடு போனால் எங்களுக்கு ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஒற்றை அறைதான். இடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் தினமும் புலம்பினேன்.

பிறகு ஒருநாள் அவனே கதவைத் தட்டினான். பழைய கட்டடங்களை ஆராய்கிறானாம். "அமா, அமா" என்று பர்மியத்தில் வாய் நிறைய அக்கா போட்டான். மீட்டர் பார்க்க வருகிறவரையே வாசலில் நிறுத்தும் என் வீட்டுக்காரர், "உள்ள வரட்டும், பாவம்" என்றார்.

எங்கள் மாடிப்படியில் ஒரு பலகை ஆடும். நாங்கள் அதில் கால் வைப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் மிதித்துவிட்டு, பதறிச் சுவரைப் பிடிப்பார்கள். இவனோ பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல், அதைத் தாண்டி ஏறினான்.

அப்படியானால் இந்தப் படியில் இவன் முன்பே ஏறியிருக்கிறான். நான் லத்தா சந்தைக்குப் போன நேரத்தில் வந்திருக்கிறான். கதவைத் திறந்தது யார்? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

"ஏங்க, இவர முன்னாடி பார்த்திருக்கீங்களா?" என்று தமிழில் கேட்டேன்.

"இல்லையே" என்றார், ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

வந்தவன் ஜன்னலைத் தடவிப் பார்த்தான். இதை இடிக்கவே கூடாது, பழுது பார்த்துக் காப்பாற்றப்போகிறோம், வீட்டுச் சொந்தக்காரரும் சம்மதித்துவிட்டார் என்றான். எனக்குப் போன உயிர் வந்தது. அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று அவனுக்குத் தேநீர்கூடக் கொடுத்தேன்.

குடித்துவிட்டு அவன் கீழே வந்து அடுப்படிச் சுவரைத் தட்டினான். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் தன் கையால் எழுப்பிய சுவர் அது.

"இது பிற்பாடு கட்டியது. எடுத்துவிடுவோம். வீடு பழையபடி ஆகிவிடும்."

"அப்போ நாங்க எங்க இருக்கிறது?"

அவன் குழம்பிப்போய் வீட்டுக்காரரைப் பார்த்தான். "சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் காலி செய்வதாக அண்ணன் சொன்னாரே?"

அவன் போனதும் கதவைச் சாத்தினேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"எப்படியும் போகத்தான் வேணும். இடிக்கக் கூடாதுன்னுதானே நீ தினமும் சொன்ன? இப்ப இடிக்க மாட்டாங்க" என்றார்.

நான் செங்கல்லையா சொன்னேன்?