விசிறியில் கட்டிய மவுஸ்

துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் அவர் கிளாக்கர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் எந்நேரமும் நான்கு பேனாக்கள். படகுக்காரர்கள் கைபேசியில் ஐஸ் பதிவதற்கான சேர்வர், அவருடைய மேசையிலிருந்த பழைய விண்டோஸ் கணினியில்தான் ஓடியது. கணினி தூங்கிவிடாமலிருக்க, மவுஸைத் தங்கூசி என்ற நைலோன் மீன்பிடி நூலால் மேசை விசிறியில் கட்டியிருந்தார். விசிறி தலையைத் திருப்பும்போதெல்லாம் மவுஸ் கொஞ்சம் நகரும்.

கணினி பார்க்கத் திரியாயிலிருந்து வந்திருந்த நான், சேர்வர் என்றால் லினக்ஸ்தான் என்று நம்புகிறவன். விண்டோஸுக்குப் பதில் அதையே போட்டுத் தருகிறேன் என்றேன்.

“தம்பி, அது திறமாத்தான் இருக்கும்,” என்றார். “ஆனா இது பழுதானால் இந்த ரோட்டில ஆரெண்டாலும் வந்து பாப்பினம். அது பழுதானால் நீங்கள் திரியாயில இருந்து பஸ் பிடிக்கவேணும்.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. விண்டோஸிலேயே ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு, தங்கூசியை அறுத்தேன்.

“இனி இது நித்திரை கொள்ளாது, அண்ணை.”

“ஓம்,” என்றவர், அறுத்த தங்கூசியைக் கவனமாகச் சுருட்டி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

நான் மாற்ற மறந்த செட்டிங் இன்னொன்று இருந்தது. மறுநாள் காலை கணினி தூங்க, ஐஸ் பதிய முடியாமல் படகுகள் கரையில் நின்றன. செய்தி கேட்டதும் திரியாயிலிருந்து பஸ் பிடித்து, வியர்த்து வழிய வந்து சேர்ந்தேன். அதற்குள் மவுஸ் பழையபடி விசிறியோடு ஆடிக்கொண்டிருந்தது.

அவர் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி வரவழைத்தார். விசிறியை மட்டும் என் பக்கம் நகர்த்தவில்லை. நான் மேசையிலிருந்த பழைய பேப்பர் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டேன்.