கதவைக் கழற்ற வைத்த இறக்கை

மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள். அவற்றின் நுனிகளை ஒட்டி மூடிவிட்டேன். சாதாரண இறக்கையின் நுனியில் காற்று சுருண்டு சுருண்டு சக்தியைத் தின்னும். மூடிவிட்டால் அந்த விரயம் குறையும். இதுதான் என் பைத்தியம். வெள்ளவத்தை ஃபிளாட்டின் சின்ன அறையில் ரிஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையை அறுத்து ஒட்டி, மழைக்காலம் முழுக்க அந்த ரிமோட் விமானத்தோடுதான் கிடந்தேன்.

கடற்கரையில் ஞாயிறுகளில் விமானம் விடும் கொட்டாஞ்சேனை நண்பர் ஒருவர்தான் கேலி செய்யாதவர். "இது பறந்தா நானும் ஒண்டு செய்வன் அக்கா," என்றிருந்தார். இன்னொருவரும் செய்துவிட்டால் பிறகு இதை யார் கிறுக்கு என்பது? அந்த ஒரு வார்த்தைக்காகவே உழைத்தேன்.

அந்த ஞாயிறு காலை தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டால், அறை வாசலில் சிக்கியது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. மற்ற விமானங்களின் இறக்கையை இரண்டாகக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கலாம். இதில் கழற்ற இடமே இல்லை. என் மூளையை என்ன சொல்ல.

"நுனிய வெட்டி, அங்க போய் ஒட்டுமன்," என்றார் கணவர்.

"நுனிய வெட்டினா பிறகு அதில என்ன இருக்கு?"

அவர் பெருமூச்சு விட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து கதவையே கழற்றினார். விமானம் நிலையை உரசிக்கொண்டு வெளியே வந்தது. த்ரீவீல் ஆட்டோவிலும் ஏறாது என்பதால் இருவருமாகச் சுமந்து ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனோம்.

நண்பர் தேவாலயப் பூசை முடித்து வந்து மணலில் காத்திருந்தார். கையால் எறிந்தேன். ஐயோ, அது பறந்த பறப்பு! கடல் காற்றில் ஆடாமல் அசையாமல் போய், வளைந்து, எங்கள் தலைக்கு மேலே திரும்பி வந்தது. ரிமோட்டால் இன்னொரு சுற்று விட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

இறங்கியதும் நண்பர் ஓடிப்போய்த் தூக்கினார். "சும்மா சொல்லேல்ல அக்கா, என்டதவிட நல்லாப் பறக்குது."

"அப்ப எப்ப தொடங்கிறீங்க?"

அவர் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். பின்சீட்டில் அவருடைய இறக்கையின் இரண்டு பாதிகளும் கயிற்றில் கட்டிக் கிடந்தன.

"இத எதில அக்கா கொண்டு போறது?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூட வந்தது. பெரிய விமானங்களுக்கும் இதே கதைதான். நிறுத்துமிடம், கொட்டகை, பழுது பார்க்கும் ஏணி எல்லாமே பழைய இறக்கைக்கு அளவெடுத்துக் கட்டியவை. புதியது பறக்காது என்று யாரும் சொல்வதில்லை, அதற்காக வாசலை மாற்றத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். "கதவத் திரும்ப மாட்டட்டோ?"

"வேண்டாம்," என்றேன். "அடுத்ததும் இந்த வழியாத்தான் வெளிய வரவேணும்."