பழனி பஸ்ஸில் போன வெள்ளைக் கவுன்

திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். தொடங்கிவைக்க வந்தவர் கண்டக்டரைப் போல இரண்டு விசில் ஊதினார். எல்லோரும் பாய்ந்தார்கள். எனக்கு மட்டும் கையில் அம்மாவின் செருப்பு இருப்பதுபோல் இருந்தது.

அந்தச் செருப்பை நான் பிடித்து நின்றபோது எனக்கு எட்டு வயது. மறுநாள் சர்ச்சில் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்குத் தைத்த வெள்ளைக் கவுனை டெய்லரிடம் வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். டீசல் புகைக்குள் வெள்ளரிக்காயும் மிளகாய்ப்பொடியும் மணந்தன. நாங்கள் ஏறவேண்டிய சின்னாளப்பட்டி பஸ் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு ஒரு பஸ் வந்தது. எல்லோரையும்போல அம்மாவும் சீட்டுப் பிடிக்க ஜன்னல் வழியே கவுன் இருந்த பையை வீசினாள். போர்டைப் பார்க்கவில்லை. அது பழனி பஸ்.

படியில் ஏறும் கூட்டத்தில் அவளால் நுழைய முடியவில்லை. இரண்டு விசில் கேட்டது. கவுனோடு பஸ் நகர்ந்தது.

“ஏ புள்ள, இதப் புடி. இங்கனயே நில்லு!”

செருப்பை என்னிடம் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் எட்டிப்பிடித்து, பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாள். ஒற்றை விசில். பஸ் நின்றது.

மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். “கசங்கவே இல்ல பாரு.”

இன்றைய ஓட்டத்தில் நான் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த அம்மா என் ஷூவையே பார்த்தாள்.

“இம்புட்டுக் கனத்தப் போட்டுக்கிட்டா ஓடுவாக? கழட்டி எங்கிட்டக் குடுத்திருக்கலாம்ல.”