ரெண்டு கையால ஒரு தலை

கம்பெனி வேன் உப்பூரைத் தாண்டுவதற்குள் முத்தழகு, முன் சீட்டில் இருப்பவளின் கூந்தலிலிருந்து நாலு மல்லிகையாவது காம்போடு கிள்ளிப் போட்டிருப்பாள். திருட்டு இல்லை, விளையாட்டும் இல்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். "ஏத்தா, எந் தலையில என்ன இறாலா மொளச்சிருக்கு?" என்று முன் சீட்டு திரும்பிக் கேட்ட பிறகுதான் அது தன் கை என்பதே அவளுக்குத் தெரியவரும்.

கடற்கரைச் சாலையோரத்து இறால் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை: பெல்ட்டில் வரும் இறாலின் தலையைக் கிள்ளுவது. ஓடு உரிப்பது அடுத்த ஆளின் பொறுப்பு. இறாலுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதில் அவளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டில் வெண்டைக்காய், பேனா மூடி, கணவன் வீரமணியின் சட்டைப் பொத்தான் என்று பலவும் அவள் கையில் தலையிழந்திருக்கின்றன. ஆனால் இறால் குழம்பு என்றால் வீரமணிதான் சுத்தம் செய்ய வேண்டும். "லீவு நாள்லயுமா நாங் கிள்ளணும்?" என்று கேட்டுக்கொண்டே அவள் கறிவேப்பிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பாள்.

பாவம் என்று நினைத்து அவளிடம் போனால் ஏமாந்துபோவோம். தன் வேகத்தில் அவளுக்கு அசாத்தியப் பெருமை. போன ஆனியில் ஒருவர் கடிகாரமும் அட்டையுமாக வந்து பக்கத்தில் நின்றார். முத்தழகு தொப்பியைச் சரிசெய்து, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து, உயிரைக் கொடுத்துக் கிள்ளினாள். அவர் எழுதிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து பெல்ட் அந்த வேகத்தில்தான் ஓடுகிறது. வந்தவருக்குக் காட்டிய வேகத்தை, யாரும் வராத நாளெல்லாம் காட்ட வேண்டியதாயிற்று. "அளக்க வந்தாகன்னு தெரியாதுடி," என்பாள். "பாராட்ட வந்தாகன்னுல்ல நெனச்சேன்."

வினை வந்தது, அடுத்த இடத்தில் ஓடு உரிக்கும் நூர் நிஷாவுக்கு. ஐஸ் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் புண்ணாகிப் போனவள். முத்தழகு கிள்ளித் தள்ளத் தள்ள அவள் முன்னால் இறால் மலையாகக் குவியும். சூப்பர்வைசர் வேல்ராஜ் கெட்டவர் இல்லை. அதனாலேயே அவரோடு சண்டை போடவும் முடியாது. "நா என்னக்கா செய்ய? இப்பிடியே குமிஞ்சா, அடுத்த மாசத்துலருந்து நூர் நிஷாக்காவ வர வேணாம்னு சொல்லச் சொல்றாக," என்றார்.

ஆயுத பூஜை வந்தது. பெல்ட்டுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, ஒருநாள் ஓய்வு. ஆட்களுக்குப் பொரிகடலையும் பாக்கிங் ஷெட்டில் ஒரு படமும். கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாப் பெண்களுக்குத் தமிழ் தெரியாதே என்று பழைய ஊமைப்படமாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். போட்டவர்கள் அதை முன்கூட்டிப் பார்க்கவில்லை போலும். கதை நடப்பது ஒரு பொம்மைத் தொழிற்சாலையில். பெல்ட்டில் வரும் பொம்மைக்கு ஓர் ஒல்லியன் தலையைத் திருகி மாட்டுகிறான். பக்கத்தில் நிற்கும் குண்டன் தொப்பி வைக்கிறான். முதலாளி ஒரு கம்பியை இழுக்கிறார், பெல்ட் பறக்கிறது. சாப்பாட்டு மணி அடித்தும் ஒல்லியனின் கை நிற்கவில்லை. கூட வேலை செய்கிறவர்களின் தலையையெல்லாம் திருகப் பார்க்கிறான்.

ஷெட் சிரித்துப் புரண்டது. முத்தழகு மட்டும் தொழில் தெரிந்தவளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு கையால ஒரு தலை. இவனெல்லாம் நம்ம கம்பெனியில ஒருநா தாங்க மாட்டான்." அவள் விரல்கள் பொரியில் கலந்திருந்த நிலக்கடலையின் மூக்கை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தன.

படத்தில் சாப்பாடு முடிந்து பெல்ட் மறுபடி ஓடியது. பொம்மைகள் குவிந்தன. குண்டன் அவற்றோடு சரிந்து பெல்ட்டில் விழுந்தான். படுத்தபடியே பொம்மைகளுக்குத் தொப்பி வைத்துக்கொண்டு, சுவரிலிருந்த ஓட்டை வழியாக வெளியே போய்விட்டான். ஒல்லியன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு நேரமில்லை. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நூர் நிஷாதான். "ஏத்தா முத்தழகு, அந்தக் குண்டன் நாந்தேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ஒல்லி யாருக்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். நிலக்கடலையைக் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது.

மறுவாரம் கடிகாரக்காரர் திரும்ப வந்தார். பெரிய ஆர்டராம், இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று பார்க்க வேண்டுமாம். "இவுகதேன் நம்ம நம்பர் ஒன்னு," என்றார் வேல்ராஜ், தானே பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல. நூர் நிஷா தலையைத் தூக்கவில்லை.

முத்தழகு தொப்பியைச் சரிசெய்தாள். நிமிர்ந்தாள். கடிகாரம் ஓடத் தொடங்கியது. கையுறைக்குள் விரல்கள் கிள்ளத் துடித்தன, பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஓர் இறாலை எடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, நிதானமாக அதன் தலையைத் திருகத் தொடங்கினாள்.