மைக் அக்கா சொன்ன ஊர்

ரயில் நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளின் வரவையும் புறப்பாட்டையும் அறிவிப்பவள். அன்று காலை அவளுக்கு வேலைக்குப் போகவே பயமாக இருந்தது.

காரணம், கடலோரத்தில் இருக்கும் பெரிய நகரம். அவள் பிறந்த ஊர். ஏதோ ஒரு ராஜா தன் பாட்டன் பெயரை அதற்கு வைத்தான். கப்பலில் வந்த வியாபாரிகளின் வாயில் அது நுழையவில்லை. தங்கள் வசதிக்கு வேறொன்று வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக அதுவே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. இப்போது ஆட்சிக்கு வந்தவர்களுக்குத் திடீரென ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, ராஜா வைத்ததையே மீட்டுவிட்டார்கள். அன்றுமுதல் ரயில் அறிவிப்பிலும் அதைத்தான் சொல்ல வேண்டும். ஜெயித்து வருகிறவன் முதலில் கைவைப்பது பெயர்ப்பலகையில்தான். குடிதண்ணீர்க் குழாயெல்லாம் அப்புறம்.

"புதுப் பேருதான் பழசு, பழைய பேருதான் புதுசு" என்று கணவன் சிரித்தான்.

"உங்களுக்கென்ன? வாய் தவறினா என் வேலையில்ல போகும்" என்று எரிந்து விழுந்தாள். பக்கத்து நிலையத்தில் ஒத்திகையிலேயே நாக்குப் பிறழ்ந்தவரைப் பார்சல் பிரிவில் மூட்டைகளுக்கு நடுவே தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அதனால் ஒரு வாரமாகக் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் புதுப் பெயரையே முணுமுணுத்தாள். கண் அறுவைக்காக வந்து தங்கியிருந்த அண்ணி, "யாரத் திட்டிக்கிட்டே இருக்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி, ஆபீஸ் வேலை."

அண்ணிக்கு ஒரு கண்ணில் கட்டு. மறு கண் ஏற்கெனவே மங்கல். அன்றே அந்தக் கடலோர ஊருக்குத் திரும்பியாக வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அண்ணனைப் பக்கத்து வீட்டுக்காரி சாயங்காலம் வரைதான் பார்த்துக்கொள்வாள். அதற்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. அடுத்த வண்டியோ மறுநாள்தான்.

மைக் அக்காவே அவளைக் கூட்டிவந்து முதல் நடைமேடை பெஞ்சில் உட்காரவைத்தாள். "நான் ஊர் பேரச் சொல்லுவேன். சொன்னதும் ஏறிடுங்க. நேர் எதிர்லதான் நிக்கும்."

மாடி அறையில் தலைமை அலுவலகத்து அதிகாரி காத்திருந்தார், காதைத் தீட்டிக்கொண்டு. வண்டி வந்தது. அவள் புதுப் பெயரைப் பிசிறில்லாமல் சொன்னாள். போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடி வழியே பெருமையாகக் கீழே பார்த்தாள்.

அண்ணி பையை மடியில் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் சுவருக்கும் பாத்திரத்துக்கும் சொன்ன பெயரை அண்ணியிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மறுபடி அறிவித்தாள். அண்ணி அசையவில்லை. அண்ணியின் கைப்பேசியும் வீட்டிலேயே கிடந்தது. பச்சை விளக்கு விழுந்தது. இறங்கி ஓடுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். பழைய பெயர் நாக்கு நுனிவரை வந்தது; முதுகுக்குப் பின்னால் அதிகாரி கனைத்தார். மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அண்ணி, இதுதான் நம்ம ஊரு வண்டி. எந்திரிச்சு ஏறுங்க."

அண்ணி எழுந்தாள். அவளோடு அந்த நடைமேடை நெடுக இன்னும் பத்துப் பதினைந்து பேர், மூட்டை முடிச்சோடு எழுந்து வண்டியை நோக்கி ஓடினார்கள்.

மைக்கை அணைக்க நீண்ட அதிகாரியின் கை பாதியில் நின்றது.

"அதையே இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.